நூற்றுக்கு நூறு

உயிர்மரப் படங்களில் கிளை பிரியும் இடத்தில் சின்னதாக ஓர் எண் போட்டிருப்பார்கள். 98 என்றோ 100 என்றோ இருக்கும். மதிப்பெண் பட்டியலைப் பார்த்தே வளர்ந்த நமக்கு 100 என்று கண்டதும் மேற்கொண்டு கேள்வி கேட்கத் தோன்றாது. விலங்குகளின் வம்சாவளியில் ஆக அடியில் இருக்கும் கிளைக்கு வந்தால் இந்தப் பழக்கம் காலை வாரிவிடும். அங்கே ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு மரங்கள் நிற்கின்றன. ஒன்றில் கடற்பஞ்சுகள் முதலில் பிரிந்து போகின்றன, இன்னொன்றில் சீப்பு ஜெல்லிகள். இரண்டுமே 100-ஐ ஒட்டிய எண்களோடு, மதிப்புள்ள சஞ்சிகைகளில், சில சமயம் அதே தரவை வைத்துக்கொண்டே வெளியாகியிருக்கின்றன. இரண்டும் ஒருசேரச் சரியாக இருக்க முடியாது. அப்படியானால் அந்த 100 எதற்குப் போட்ட மதிப்பெண்? விலங்குகளின் வேர் எது என்பதைவிட இந்தக் கேள்விதான் என்னை அதிகம் உறுத்துகிறது.

களத்தில் இருப்பவை ஐந்து வகையறாக்கள். கடற்பஞ்சுகள், அதாவது பாடப்புத்தகத்தின் துளையுடலிகள். டினோஃபோரா எனப்படும் சீப்பு ஜெல்லிகள். வாயோ வயிறோ நரம்போ இல்லாமல், ஓரிரு மில்லிமீட்டர் அகலத்தில் தட்டையாக ஊர்ந்து திரியும் பிளாக்கோசோவா. ஜெல்லிமீன், பவளம், கடல் சாமந்தி எல்லாம் அடங்கிய நிடேரியா. கடைசியாக, புழுவிலிருந்து புலிவரை இடம் வலம் ஒத்த உடல் கொண்ட பைலேட்டீரியா. ஐந்து வகையறாக்களை வேரோடு கூடிய மரமாக 105 விதங்களில் அடுக்கலாம். நடைமுறையில் நிடேரியாவும் பைலேட்டீரியாவும் நெருங்கிய உறவு என்பதில் பெரிய தகராறு இல்லை. பிளாக்கோசோவா எங்கே ஒட்டுகிறது என்பதில் சின்னத் தகராறு உண்டு. பெரிய சண்டையெல்லாம் அடிவேரில்தான்.

கடற்பஞ்சுக்கு அந்த இடம் தற்செயலாகக் கிடைத்ததல்ல. அதன் உடலுக்குள் நீரோட்டத்தை உண்டாக்கும் காலர் செல்களை நுண்ணோக்கியில் பார்த்தால் நடுவில் ஒரு கசையிழை, அதைச் சுற்றி மெல்லிய விரல்களால் ஆன கழுத்துப்பட்டி. கொயனோஃப்ளாஜெல்லேட் என்னும் ஒற்றைச் செல் உயிருக்கும் அச்சு அசலாக இதே அமைப்பு. ஹென்றி ஜேம்ஸ்-கிளார்க் 1860-களிலேயே இந்த ஒற்றுமையைக் கவனித்து எழுதிவிட்டார். விலங்குகளுக்கு மிக நெருங்கிய ஒற்றைச் செல் உறவு கொயனோஃப்ளாஜெல்லேட்டுகளே என்று பிற்காலத்தில் மரபணுக்களும் உறுதி செய்தன. நரம்பில்லை, தசையில்லை, குடலில்லை. அதோடு ஒற்றைச் செல் உறவினரின் சாயல் வேறு. முதல் படி கடற்பஞ்சுதான் என்று யாருக்கும் தோன்றும். ஓரறிவு, ஈரறிவு என்று உயிர்களை ஏணியில் ஏற்றிவைத்து, கோபம் வந்தால் 'ஐந்தறிவு ஜீவன்' என்று திட்டும் நம் மொழியில் இந்தத் தோற்றம் இன்னும் ஆழமாக வேர்விடுகிறது.

2008-இல் கேசி டன்னும் உடன் உழைத்தவர்களும் 'நேச்சர்' இதழில் 77 உயிரினங்களின் 150 மரபணுக்களை வைத்து ஒரு மரம் வெளியிட்டார்கள். அதன் அடியில் சீப்பு ஜெல்லி இருந்தது. நரம்பும் தசையும் உடைய, வேட்டையாடித் தின்னும் ஒரு விலங்கு, எதுவுமே இல்லாத கடற்பஞ்சுக்கும் முன்பே பிரிந்துபோனதாம். அப்போது தொடங்கிய வழக்கு இது.

பங்காளி வேறு, பாட்டன் வேறு

வழக்குக்குள் போகுமுன் ஒரு தவறான வாசிப்பை ஒதுக்கிவிட வேண்டும். 'சீப்பு ஜெல்லி முதலில் பிரிந்தது' என்ற சேதி செய்தித்தாளுக்கு வரும்போது 'உலகின் முதல் விலங்கு சீப்பு ஜெல்லி' என்றாகிவிடுகிறது. ஒரு பாட்டனாருக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் வழியில் இன்று ஒரே ஒரு குடும்பம்தான் மிஞ்சியிருக்கிறது. இளையவர் வழியில் ஒரு தெருவே இருக்கிறது. தெருவில் ஆள் கூட்டம் அதிகம் என்பதற்காக அந்த ஒற்றைக் குடும்பத்தாரைப் பாட்டனார் என்று யாராவது சொல்வார்களா? அவர்கள் பங்காளிகள். பாகப்பிரிவினை முடிந்த நாளிலிருந்து இரு வீடுகளுக்கும் ஒரே வயது. சீப்பு ஜெல்லிகளில் இதுவரை பெயர் சூட்டப்பட்டவை சுமார் 200 இனங்கள். கடற்பஞ்சுகள் 9,000-க்கும் மேல். யார் முதலில் பிரிந்திருந்தாலும், இன்று கடலில் மிதப்பதும் பாறையில் ஒட்டியிருப்பதும் அதற்குப் பிறகான அறுபது கோடி ஆண்டுகளைச் சொச்சமின்றிக் கடந்து வந்த நவீன விலங்குகள்தான்.

சீப்பு ஜெல்லியைப் பார்த்தாலே இது புரிந்துவிடும். உடல் நெடுக எட்டு வரிசைச் சீப்புகள். ஒவ்வொரு சீப்புப் பல்லும் ஆயிரக்கணக்கான நுண்மயிர்கள் ஒட்டிச் சேர்ந்த ஒரு தட்டு. அவை அடுத்தடுத்து அடிக்கும்போது ஒளி சிதறி வானவில் ஓடுவதுபோல் தெரியும். இரையைக் கொட்டாது, ஒட்டும். தும்பிக்கை போன்ற உணரிழைகளில் கோலோபிளாஸ்ட் என்ற பசைச் செல்கள் இருக்கின்றன. அமெரிக்க அட்லாண்டிக் கரையைச் சேர்ந்த நீமியாப்சிஸ் லெய்டி 1980-களில் கப்பல்களின் நிலைநீரோடு கருங்கடலுக்குப் போய்ச் சேர்ந்து, மீன் குஞ்சுகளும் அவற்றின் இரையும் மிஞ்சாமல் தின்று அங்கிருந்த நெத்திலித் தொழிலைக் குப்புறத் தள்ளியது. இதைப் 'பழமையான எளிய உயிர்' என்று அந்த மீனவர்களிடம் போய்ச் சொல்ல முடியாது.

மரம் கட்டும் வேலை

மரம் எப்படிக் கட்டப்படுகிறது என்று தெரிந்தால்தான் எங்கே ஓட்டை விழுகிறது என்று தெரியும். முதலில் விலங்கு வேண்டும். சீப்பு ஜெல்லி வலையில் பட்டால் கிழிந்துபோகும். ஆகவே கண்ணாடிக் குவளையில் நீரோடு மொண்டு எடுக்க வேண்டும். ஃபார்மலினில் போட்டால் பல இனங்கள் குழைந்து கரைந்துவிடும். பிடித்ததும் வடிகட்டிய கடல்நீரில் ஓரிரு நாள் பட்டினி போட வேண்டும், இல்லையென்றால் வயிற்றில் இருக்கும் இறாலின் மரபணுவும் சேர்ந்தே வரும். கடற்பஞ்சில் வேறு தொல்லை. சில இனங்களில் உடல் நிறையில் மூன்றில் ஒரு பங்குவரை பாக்டீரியா குடியிருக்கிறது. படிக்கும் வரிசைகளில் எது வீட்டுக்காரனுடையது, எது வாடகைக்காரனுடையது என்று பிரித்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

இந்தப் படியில் சறுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்வீடன் மேற்குக் கரையின் சேற்றில் வாழும் ஜீனோடர்பெல்லா என்ற புழுவை மறக்க முடியாது. வாய் உண்டு, ஆசனவாய் இல்லை, மூளை என்று ஒன்றும் இல்லை. 1997-இல் அதன் டி.என்.ஏ. வரிசையைப் படித்து, இது சிப்பியினத்தைச் சேர்ந்த மெல்லுடலி, வளர்ந்தபின் உடல் சிதைந்து இப்படி ஆகிவிட்டது என்று 'நேச்சர்' இதழிலேயே கட்டுரை வந்தது. 2003-இல் உண்மை வெளிப்பட்டது. படித்த வரிசை அந்தப் புழு தின்றிருந்த சிப்பியுடையது. வேதியியலும் கணக்கும் குறையில்லாமல் நடந்திருந்தன, ஆய்வுக்குப் போனது மட்டும் சாப்பாடு.

அடுத்தது, உண்மையான ஒத்த மரபணுவைக் கண்டுபிடிப்பது. மரபணுக்கள் பரிணாமத்தில் இரட்டிக்கும். இரட்டித்த இரண்டில் ஒரு விலங்கில் முதல் நகலும் இன்னொன்றில் இரண்டாம் நகலும் மட்டும் மிஞ்சியிருந்தால், அவற்றை ஒப்பிடுவது அண்ணன் பிள்ளையையும் சித்தப்பா பிள்ளையையும் இரட்டையர் என்று பதிவு செய்வதுபோல் ஆகும். அதன்பின் ஒவ்வொரு புரதத்தின் வரிசையையும் உயிரினம் வாரியாக ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒத்த இடங்கள் ஒரே நெடுவரிசையில் வரும்படி அடுக்க வேண்டும். இதற்கு மாஃப்ட் போன்ற நிரல்கள் உண்டு. ஒழுங்காக அடுக்க முடியாத இடங்களை வெட்டி எறிய வேண்டும். அதிகமாக வெட்டினால் தகவல் போகும், குறைவாக வெட்டினால் குப்பை தங்கும். எல்லாப் புரதங்களையும் பக்கவாட்டில் ஒட்டினால் ஒரு பெரும் அட்டவணை கிடைக்கும். 2017-இல் சிமியோன் குழு கட்டிய அட்டவணையில் 97 உயிரினங்கள், 1,719 மரபணுக்கள், 4 லட்சத்துக்கும் மேற்பட்ட நெடுவரிசைகள்.

கடைசியில் இரண்டு தேர்வுகள். ஒன்று வெளிக்குழு, அதாவது மரத்துக்கு வேர் எங்கே என்று காட்டும் தூரத்து உறவு. கொயனோஃப்ளாஜெல்லேட்டை மட்டும் வைப்பதா, பூஞ்சைகளையும் சேர்ப்பதா? நெருங்கிய உறவை மட்டும் வைத்தால் ஒப்பிடத் தரவு குறைகிறது. தூரத்து உறவைச் சேர்த்தால் கிளை நீள்கிறது, நீண்ட கிளை கெடுதல் செய்யும். அது எப்படி என்று கீழே வருகிறது. இன்னொன்று கணித மாடல். ஓர் அமினோ அமிலம் இன்னொன்றாக மாறுவதற்கு என்ன வாய்ப்பு என்று சொல்லும் விதித்தொகுப்பு அது. சர்ச்சை முழுவதும் கடைசியில் வந்து முட்டி நிற்பது இந்த இரண்டு தேர்வுகளில்தான். பட்டினி போடுவதிலும் வெட்டுவதிலும் வரும் பிழைகளை இன்னொருவர் சோதித்துத் திருத்திவிடலாம். மாடலைச் சோதிக்க இன்னொரு மாடல்தான் வேண்டியிருக்கிறது.

அந்த 100 எதை அளக்கிறது

ஜோ ஃபெல்சென்ஸ்டைன் 1985-இல் உயிர்மரங்களுக்குக் கொண்டுவந்த பூட்ஸ்ட்ராப் முறை எளிமையானது. அட்டவணையின் நெடுவரிசைகளை ஒரு பையில் போட்டுக் குலுக்கி, எடுத்ததைத் திரும்பப் பையிலேயே போட்டுவிட்டு, மீண்டும் எடுத்து, மூல அட்டவணை அளவுக்கே ஒரு போலி அட்டவணை செய்யுங்கள். சில நெடுவரிசை இரண்டு முறை வந்திருக்கும், சில வராமலே போயிருக்கும். அதற்கு ஒரு மரம் கட்டுங்கள். இப்படி 100 முறையோ 1,000 முறையோ செய்து, எத்தனை மரங்களில் அந்தக் கிளை தலைகாட்டுகிறது என்று எண்ணுங்கள். எல்லாவற்றிலும் வந்தால் 100.

இங்கேதான் கவனிக்க வேண்டியது. நூறு முறையும் தரவைத்தான் குலுக்குகிறோம், மாடலைக் குலுக்குவதே இல்லை. முள் 50 கிராம் தள்ளி நிற்கும் தராசில் ஒரே மூட்டையை நூறு முறை நிறுத்தால் நூறு முறையும் ஒரே எடைதான் வரும். அந்த ஒற்றுமையிலிருந்து தராசின் கை நடுங்கவில்லை என்று தெரியும், தராசு சரியா என்று தெரியாது. இன்னும் மோசம், தரவைக் கூட்டக் கூட்டத் தற்செயல் பிழை குறையும், முறைப்பிழை குறையாது. 150 மரபணுவில் 90 காட்டிய பிழையான கிளை 1,500 மரபணுவில் கம்பீரமாக 100 காட்டும். மரபணு மரங்களில் இன்று 100 என்பது பெரும்பாலும் அட்டவணை பெரியது என்பதற்கான அத்தாட்சி, வேறொன்றுமில்லை என்பது என் கருத்து.

அந்த முறைப்பிழையின் பெயர் நீள்கிளை ஈர்ப்பு. இதையும் ஃபெல்சென்ஸ்டைன்தான் 1978-இல் கணக்காகக் காட்டினார். வேகமாக மாறும் இரண்டு பரம்பரைகள் தனித்தனியாக மாறிக்கொண்டே போகும்போது சில இடங்களில் தற்செயலாக ஒரே எழுத்துக்கு வந்து நிற்கும். மாடல் அதை உறவு என்று எடுத்துக்கொண்டு இரண்டையும் ஒட்டவைத்துவிடும். வெளிக்குழுவின் கிளை எப்போதுமே நீளம்தான். ஆகவே உள்ளே எந்தக் கூட்டம் வேகமாக மாறியதோ அது வெளிக்குழுவை நோக்கி, அதாவது வேரை நோக்கி இழுபடும். மைக்ரோஸ்போரிடியா என்ற ஒட்டுண்ணிகளுக்கு இதுதான் நடந்தது. உட்கரு கொண்ட உயிர்களின் ஆக அடியில் வைக்கப்பட்டு, மைட்டோகாண்ட்ரியா தோன்றும் முன்பே பிரிந்த புராதனங்கள் என்று பேசப்பட்டன. அவை வேகமாக மாறிப்போன பூஞ்சை உறவினர்கள் என்று பின்னால் தெரிந்தது. உருளைப்புழுக்களிலும் இதே கதை. எல்லாரும் பயன்படுத்திய சீ. எலிகன்ஸ் வேகமாக மாறிய இனம். 1997-இல் மெதுவாக மாறிய டிரைக்கினெல்லாவைச் சேர்த்ததும் உருளைப்புழு பூச்சிகளின் பக்கம் நகர்ந்து வந்தது.

சீப்பு ஜெல்லி இந்த நோய்க்கு எல்லா வகையிலும் வாகான உடம்பு. நீமியாப்சிஸின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. சுமார் 10,000 எழுத்துகள்தான். நம்முடையது 16,569. அவ்வளவு சுருங்கி, அவ்வளவு வேகமாக மாறியிருக்கிறது. நீள்கிளையை உடைக்க வழக்கமான வைத்தியம், இடையில் கிளைக்கும் மெதுவான உறவினரைச் சேர்ப்பது. சீப்பு ஜெல்லியில் அந்த வைத்தியம் பலிக்காது. இன்றிருக்கும் சீப்பு ஜெல்லிகள் அனைத்தும் ஒப்பீட்டளவில் அண்மைக் காலத்து மூதாதை ஒன்றிலிருந்து வந்தவை. அதற்கு முந்தைய நெடுங்கிளையில் உயிரோடு ஒருவரும் மிச்சமில்லை. பனைமரம் மாதிரி: நெடுக மொட்டை, உச்சியில் மட்டும் ஓலை.

கடற்பஞ்சுத் தரப்பின் வாதம் இங்கிருந்து எழுகிறது. புரதத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் தனிக் கட்டுப்பாடு உண்டு. புரதத்தின் உட்புறத்தில் புதைந்திருக்கும் ஓரிடத்தில் லூசின், ஐசோலூசின், வாலின், மெத்தியோனின் போன்ற எண்ணெய்த் தன்மையுள்ள நான்கு மட்டுமே பொருந்தலாம். இருபது எழுத்தும் எங்கும் வரலாம் என்று கருதும் மாடலுக்கு, தற்செயலாக ஒத்துப்போவது அபூர்வமாகத் தெரியும். உண்மையில் நான்கே பேர் ஆடும் நாற்காலி விளையாட்டில் ஒரே நாற்காலிக்கு இருவர் வருவது சர்வ சாதாரணம். லார்ட்டியோவும் ஃபிலிப்பும் 2004-இல் தந்த 'கேட்' மாடல் இடத்துக்கு இடம் வேறுபட்ட விருப்பப் பட்டியலை அனுமதிக்கிறது. 2009-இல் ஃபிலிப் குழுவும், 2015-இல் பிசானி குழுவும், 2017-இல் சிமியோன் குழுவும் இந்த மாடலோடு கடற்பஞ்சை மீண்டும் அடியில் நிறுத்தினார்கள். பிசானி குழு எதிர்த்தரப்பு வெளியிட்ட தரவையே எடுத்து, மாடலையும் வெளிக்குழுவையும் மாற்றி, எதிர்முடிவைக் காட்டியது.

சீப்பு ஜெல்லித் தரப்பு சும்மா இருக்கவில்லை. 2013-இல் நீமியாப்சிஸின் முழு மரபணுத் தொகுதியும், 2014-இல் ப்ளூரோபிராக்கியா என்ற இன்னொரு சீப்பு ஜெல்லியின் தொகுதியும் வந்தன. உடலின் முன்பின் அமைப்பை வகுக்கும் ஹாக்ஸ் மரபணுக்கள் அவற்றில் இல்லை. மரபணுக்களைக் கட்டுப்படுத்தும் மைக்ரோ ஆர்.என்.ஏ. செய்யும் வழக்கமான கருவிகளும் காணோம். 2015-இலும் 2017-இலும் வீலன் குழு வேகமாக மாறும் மரபணுக்களையும் ஐயத்துக்குரிய வரிசைகளையும் படிப்படியாகக் கழித்துப் பார்த்தும் சீப்பு ஜெல்லி அடியிலேயே நின்றது. 'கேட்' மாடலுக்கும் குறை உண்டு. கணினியைத் தின்னும். பொருந்தும் மரங்களைத் தேடி அலையும் மார்க்கோவ் சங்கிலிகள் என்ற கணக்கோட்டங்கள் இரண்டை இணையாக ஓட்டி, அவற்றிடையே அதிகபட்ச வேறுபாடு 0.1-க்குக் கீழே வந்தால் நலம், 0.3 வரை பொறுக்கலாம் என்பது நடைமுறை. இந்த அளவு அட்டவணைகளில் மாதக்கணக்கில் ஓட்டியும் அதை எட்டாமல் போவதுண்டு. சிமியோன் குழு மொத்த அட்டவணையையும் ஓட்ட முடியாமல் கூறுகூறாக எடுத்துத்தான் ஓட்டியது. 2021-இல் லீ, டன், ரோகாஸ் ஆகியோரின் குழு பழைய தரவுகள் அனைத்தையும் ஒரே மேசையில் வைத்துத் திரும்பக் கணக்கிட்டபோது, கொயனோஃப்ளாஜெல்லேட்டை மட்டும் வெளிக்குழுவாக்கி, விருப்பப் பட்டியல்களின் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடே இல்லாமல் விட்டால்தான் கடற்பஞ்சு அடிக்கு வருகிறது என்றார்கள்.

எழுத்துகளைக் குறைத்துப் பார்க்கும் வைத்தியமும் வந்தது. இருபது அமினோ அமிலங்களை ஆறு கூட்டங்களாகச் சுருக்குவார்கள். எண்ணெய்த் தன்மையுள்ள நான்கும் ஒரு கூட்டம், வளையமுள்ள மூன்று ஒரு கூட்டம், சிஸ்டீன் தனியாள், இப்படி. அடிக்கடி நடக்கும் மாற்றங்கள் கூட்டத்துக்குள்ளேயே நடப்பதால் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து, இரைச்சல் குறையும் என்பது எண்ணம். இதில் கடற்பஞ்சுக்கு ஆதரவு கூடியது. உடனே மறுப்பு வந்தது: இரைச்சலோடு சேர்த்து உண்மைச் சேதியையும் துடைத்துவிடுகிறீர்கள், எழுத்தைக் குறைப்பதால் வரும் நட்டம் இலாபத்தைவிட அதிகம். எனக்கு அந்த மறுப்பு நியாயமாகவே படுகிறது. ஆனால் இந்த இடத்தில் யார் பக்கம் சாய்ந்தாலும் மாடலின்மேல் உள்ள நம்பிக்கையில்தான் சாய்கிறோம். தரவு அங்கே தீர்ப்பு சொல்லவில்லை.

அன்னம் இல்லாத ஊரில் பாலும் நீரும்

2023 மே மாதம் டாரின் ஷுல்ட்ஸ், டேனியல் ரோக்சார், ஒலெக் சிமாகோவ் முதலியோர் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட கட்டுரை எழுத்துகளை எண்ணுவதையே விட்டுவிட்டது. புரத வரிசை என்ன என்று அது கேட்கவில்லை. அந்த மரபணு எந்தக் குரோமோசோமில், யாரோடு சேர்ந்து குடியிருக்கிறது என்று கேட்டது.

இதற்குத் தேவையான தொழில்நுட்பம் அண்மையில்தான் கைக்கு வந்தது. செல்லுக்குள் டி.என்.ஏ. மடிந்து கிடக்கும் நிலையிலேயே ஃபார்மால்டிஹைடு கொண்டு அருகருகே உள்ள இழைகளைப் பிணைத்துவிடுவார்கள். பிறகு நொதியால் வெட்டி, வெட்டுண்ட முனைகளை ஒட்டி, ஒட்டியவற்றைப் படிப்பார்கள். ஒரே குரோமோசோமைச் சேர்ந்த துண்டுகள் தமக்குள் அதிகம் ஒட்டியிருக்கும். எத்தனை முறை எது எதோடு ஒட்டியது என்று கட்டம் போட்டால் ஒவ்வொரு குரோமோசோமும் தனிச் சதுரமாகத் தெரியும். சீப்பு ஜெல்லிகளான ஹார்மிஃபோராவிலும் போலினாப்சிஸிலும் 13 சதுரங்கள். நன்னீர்க் கடற்பஞ்சான எஃபிடேஷியாவில் 23. ('நன்னீர்க் கடற்பஞ்சு' என்பது அபத்தமான பெயர்தான், வேறு வழியில்லை.) கடற்பஞ்சு, நிடேரியா, பைலேட்டீரியா மூன்றுக்கும் பொதுவான 29 குடியிருப்புத் தொகுதிகளை, அதாவது ஒரே குரோமோசோமில் சேர்ந்தே இருக்கும் மரபணுக் கூட்டங்களை, 2022-லேயே சிமாகோவ் குழு அடையாளம் கண்டிருந்தது. 2023-இல் புதிதாகச் சேர்ந்தது வெளிக்குழு: ஒரு கொயனோஃப்ளாஜெல்லேட், அமீபா வகையைச் சேர்ந்த ஒரு ஃபிலாஸ்டீரியன், ஓர் இக்தியோஸ்போரியன். மூன்றின் மரபணுத் தொகுதிகளும் குரோமோசோம் அளவில் அடுக்கப்பட்டன.

வாதம் இப்படிப் போகிறது. இரண்டு மரபணுத் தொகுதிகள் ஒற்றைச் செல் உறவினரில் வெவ்வேறு குரோமோசோமில் இருக்கின்றன. சீப்பு ஜெல்லியிலும் வெவ்வேறு குரோமோசோமில்தான். கடற்பஞ்சு, நிடேரியா, பைலேட்டீரியாவில் மட்டும் அவை ஒரே குரோமோசோமில், அதுவும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. இரண்டு குரோமோசோம்கள் முனையோடு முனை ஒட்டிக்கொள்வது மட்டும் நடந்திருந்தால் அது சான்றாகாது, ஒட்டிய இடத்திலேயே மறுபடி உடைந்து பழையபடி ஆகலாம். ஒட்டியபின் கோடிக்கணக்கான ஆண்டுகள் துண்டுகள் தலைகீழாகத் திரும்பித் திரும்பி, இரு தொகுதிகளும் முழுக்கக் கலந்துவிட்டால் கதை வேறு. பாலில் கலந்த நீரைப் பிரிக்கும் அன்னம் செல்லுக்குள் கிடையாது. கலந்த மரபணுக்கள் ஒவ்வொன்றாக நகர்ந்து, ஒற்றைச் செல் மூதாதையிடம் இருந்த அதே இரு கூட்டங்களாகத் திரும்பப் பிரிவதற்கு வாய்ப்பே இல்லை என்று சொல்லலாம். ஆகவே கலப்பு நடந்த பரம்பரையிலிருந்து சீப்பு ஜெல்லி அதற்கு முன்பே பிரிந்திருக்க வேண்டும். கடற்பஞ்சை வெளியே தள்ளிச் சீப்பு ஜெல்லியை மற்றவற்றோடு சேர்க்கும் எதிர்வகைக் கலப்பு ஒன்றும் அகப்படவில்லை.

இந்த வழக்கில் திருப்பம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதையே சொல்வேன். முடிவு சீப்பு ஜெல்லிக்குச் சாதகம் என்பதால் அல்ல. ஒரு புரத இடத்தில் லூசின் வாலினாகி மீண்டும் லூசினாகலாம். அந்தத் திரும்பி வரும் வசதிதான் பதினைந்து ஆண்டுச் சண்டைக்குக் காரணம். குரோமோசோம் கலப்புக்குத் திரும்பும் பாதை இல்லை. நீள்கிளை ஈர்ப்பு இங்கே செய்யக்கூடிய கெடுதலும் எதிர்த்திசையில்தான் இருக்கும். வேகமாக மாறும் சீப்பு ஜெல்லியில் குரோமோசோம்கள் அதிகம் கலைந்து, பழைய ஏற்பாடு அழிந்திருக்க வேண்டும் என்றுதான் எதிர்பார்ப்போம். பழைய ஏற்பாடு அங்கே பத்திரமாக இருப்பதை வேகத்தால் விளக்க முடியாது.

இதற்காக வழக்கு முடிந்தது என்று சொல்லிவிடவும் முடியாது. தீர்ப்புக்குத் தாங்கலாக நிற்கும் கலப்பு நிகழ்வுகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. ஒற்றைச் செல் உறவினருக்கும் விலங்குக்கும் இடையே இத்தனை காலத்துக்குப் பிறகு அடையாளம் காணத்தக்க ஒத்த மரபணுக்கள் ஒவ்வொரு தொகுதியிலும் கொஞ்சம்தான் மிஞ்சுகின்றன. சிறு எண்களில் தற்செயல் கூட்டம் உறவுபோல் காட்டும். மரபணுத் தொகுதியைக் குலுக்கிப் பார்த்து அந்த வாய்ப்பைக் கணக்கிடும்போது எப்படிக் குலுக்குகிறோம் என்பதே மறுபடியும் ஒரு மாடல் தேர்வு. கடற்பஞ்சுத் தரப்பு 2023-க்குப் பிறகும் ஓயாமல் வாதாடுவது இந்த ஓட்டைகளைப் பிடித்துத்தான். அவர்கள் வாதாடுவது நல்லதே. என் சாய்வு குரோமோசோம் பக்கம். ஆனால் அந்தச் சாய்வுக்கு 100 என்று எண் போட மாட்டேன்.

நரம்பு எத்தனை முறை

வேர் எங்கே என்பதில் இத்தனை பேர் கட்டிப் புரள்வதற்குக் காரணம் நரம்பு. கடற்பஞ்சு முதலில் பிரிந்தது என்றால் கணக்கு சுலபம்: அது போனபின் நரம்பு ஒருமுறை தோன்றியது, பிளாக்கோசோவா மட்டும் தொலைத்துவிட்டது. சீப்பு ஜெல்லி முதலில் என்றால் இரண்டே வழி. ஆதி விலங்குக்கே நரம்பு இருந்து கடற்பஞ்சும் பிளாக்கோசோவாவும் அதைத் தொலைத்திருக்க வேண்டும், அல்லது நரம்பு இருமுறை தனித்தனியாகத் தோன்றியிருக்க வேண்டும். ப்ளூரோபிராக்கியாவை ஆராய்ந்த லியோனிட் மொரோஸ் இரண்டாவது பக்கம். செரட்டோனின், டோபமின் போன்று நம் நரம்புகள் பேசும் வழக்கமான வேதிச் சொற்கள் சீப்பு ஜெல்லியில் இல்லை என்பது அவர் முன்வைத்த முக்கியமான சான்று.

2023 ஏப்ரலில் பாவெல் புர்க்கார்ட் குழு 'சயன்ஸ்' இதழில் காட்டிய படம் இதைவிட வியப்பானது. நீமியாப்சிஸ் குஞ்சின் தோலடி நரம்பு வலையைச் சீவல் சீவலாக மின்னணு நுண்ணோக்கியில் படமெடுத்து முப்பரிமாணத்தில் கட்டினார்கள். நரம்புச் செல்களுக்கு நடுவே இடைவெளியே காணோம். ஒரே சவ்வு தொடர்ந்து ஓடி, செல்கள் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்த வலையாக இருந்தது. கோல்ஜியும் காஹாலும் 1906-இல் நோபல் பரிசைப் பங்கிட்டுக்கொண்டபோது நரம்பு மண்டலம் தொடர்ச்சியான ஒற்றை வலை என்று பிடிவாதம் பிடித்தவர் கோல்ஜி. அவர் தோற்றார், தனித்தனிச் செல் என்ற காஹால் வென்றார். நூற்றுப் பதினேழு ஆண்டுகள் கழித்துக் கோல்ஜிக்கு ஒரு விலங்கு வாய்த்திருக்கிறது.

தொலைத்திருக்கலாம் என்ற வழியையும் எளிதில் ஒதுக்க முடியாது. ஆம்ஃபிமெடான் என்னும் கடற்பஞ்சில் நரம்பிணைப்பின் ஏற்கும் பக்கத்தைத் தாங்கும் புரதங்களின் மரபணுக்கள் பெரும்பகுதி இருப்பது 2007-லேயே தெரிந்துவிட்டது. இது தொலைத்தவன் வீட்டில் மிஞ்சிய பாத்திரமா, இன்னும் சமையலே தொடங்காதவன் வாங்கி வைத்த பாத்திரமா என்பதைப் பாத்திரத்தைப் பார்த்துச் சொல்ல முடிவதில்லை. உறுப்பை இழப்பது பரிணாமத்தில் அவமானமும் அல்ல. ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு நீரை வடிகட்டித் தின்னும் உயிருக்கு நரம்பு வெறும் செலவாக இருந்திருக்கலாம். கடற்பஞ்சு எதையும் இழந்திருக்காது என்று நாம் எண்ணுவது, அதை ஏணியின் அடிப்படியிலேயே வைத்துப் பார்த்துப் பழகியதால்தான்.

நரம்பில்லாமலே மின்துடிப்பு அனுப்பும் கடற்பஞ்சும் உண்டு. வட பசிபிக்கின் குளிர்ந்த நீரில் வாழும் ராப்டோகாலிப்டஸ் என்ற கண்ணாடிக் கடற்பஞ்சின் உடல் பெரும்பாலும் செல்களைப் பிரிக்கும் சவ்வே இல்லாமல் உருகிச் சேர்ந்த ஒரே திசு. சாலி லேஸும் ஜார்ஜ் மேக்கியும் 1997-இல் அதில் மின்துடிப்பு ஓடுவதைப் பதிவு செய்தார்கள். வேகம் விநாடிக்கு 0.27 சென்டிமீட்டர். நம் நரம்போடு ஒப்பிட்டால் நத்தைதான். சேறு கலங்கிய நீர் உள்ளே வரத் தொடங்கியதும் உடல் முழுவதும் உள்ள கசையிழைகளை நிறுத்தி, நீரோட்டத்தை மூடிக்கொள்ள அதற்கு அந்த வேகம் போதும்.